நான்கு மாலுக்குள்

தாராபுரம் முன்சீப் கோர்ட்டில்
எனக்கு இது நாலாவது வருஷம்.
கூடப் படித்த பிருந்தா பெங்களூரில்
கம்பெனி ஒப்பந்தங்களில் காற்புள்ளி திருத்துகிறாள்.
பூபாலன் நீதிபதித் தேர்வுக்கு மூன்றாம் முறை.
"நீ எந்தப் பக்கம்?" என்கிறார்கள் போனில்.

நான் இட்டேரிக்கு மேற்குப் பக்கம்.

கிரயப் பத்திரத்தில் அப்படித்தான்:
தென்வடல் இட்டேரிக்கு மேற்கு,
பொதுக்கிணற்றுக்கு வடக்கு,
இந்த நான்கு மாலுக்குள்...
போய்ப் பார்த்தால் இட்டேரியே இல்லை.
சோளத்தட்டு நிற்கிறது, ஆள் உயரம்.
கவுனை மடித்துப் பைக்குள் திணித்தேன்.
புலப்பட நகலைக் காற்று பிடுங்கியது.
கிளுவை முள்ளில் குத்தி வைத்து
அடி எண்ணினேன்.

இன்று கூண்டில் சென்னியப்பன்.
"அந்தக் கிளுவை நட்டு எத்தனை வருஷம் இருக்குங்க?"
"போன ஆடியிலதானுங்க."
சொன்ன பிறகுதான் தன் வக்கீலைப் பார்த்தார்.

அடுத்த கேள்வி நாக்கு நுனிவரை வந்தது.
கேட்டிருந்தால் விளக்கம் சொல்லியிருப்பார்.
விழுங்கிவிட்டு உட்கார்ந்தேன்.

வராண்டாவில் சரஸாத்தாளுக்கு முகம் சுண்டிவிட்டது:
"அவ்வளவுதானா, கண்ணு?
ஒத்தக் கேள்விக்கா அத்தன பீசு?"

ஒன்று கேட்டதற்குங்க.
மீதி, கேட்காததற்கு.