பதினெட்டரை

முதலில் பெயர்.
மாரித் கங்காஸ். எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.
டுலூத்தில் இன்று மைனஸ் இருபத்திரண்டு.
அவளுக்குப் பின்னால் ஒரு பேருந்துக் கதவு
மூச்சு விட்டு மூடியது.

வயது பத்தொன்பது. ஏரி உயிரியல் படிக்கிறாள்.
எந்த மீன் எதைத் தின்னும்,
அதுதான் இந்தப் பருவத்தில் பாதிப் பாடமாம்.
சிரித்தாள். நான் தட்டச்சு செய்தேன்.

கேள்விகளை நான் எழுதவில்லை,
அவை திரையில் வருகின்றன.
ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை உண்டா?
இல்லை.
வேலை செய்ய விடாத நோய்?
இல்லை.
கல்லூரி தரும் உதவி வேலை?
கேட்டேன், இந்த வருடப் பணம் தீர்ந்துவிட்டது என்றார்கள்.

அப்படியானால்
வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளத்துக்கு?

பதினெட்டரை.
டோனட் கடை. அதற்கு மேல் மேலாளர் தரமாட்டார்.

இருபது வேண்டும்.
நீ படிக்காதவளாக இருந்தால்
இந்தக் கேள்வி வேறொரு பக்கத்தில்
வேறு மாதிரி வந்திருக்கும்.
இதை நான் சொல்லவில்லை.

பதினேழு வருடமாக இதே நாற்காலி.
பதிலைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.
கேட்கலாம்.
கேட்டேன்: வேறு ஏதாவது, சின்னதாக?
யார் வீட்டு நாயையாவது நடத்திக் கூட்டிப்போவது,
பனி தள்ளுவது?

பனி தள்ளுகிறேனே, என்றாள்.
பக்கத்து வீட்டு ஹால்வர்சனுக்கு.
இடுப்பு மாற்றிவைத்திருக்கிறார்கள், குனிய முடியாது.
வாரத்துக்கு இரண்டு மணி நேரம். கொட்டினால் மூன்று.

என் விரல் கட்டத்தின் மேல் நின்றது.
பதினெட்டரையும் இரண்டும்.
எவ்வளவு கொடுக்கிறார்?

சேச்சே, அவரிடம் போய்க் காசா?
கேட்கக் கூடாததை நான் கேட்டுவிட்டதைப்போல.

ஒரு பொய் உள்ளே வந்து உட்காருகிற அளவுக்கு
இருவரும் சும்மா இருந்தோம்.
அது வரவில்லை.

பூஜ்யம் இட்டேன்.
கடிதம் தபாலில் வரும்,
மேல்முறையீட்டுக்கு இன்ன தேதி வரை,
கல்லூரி அடித்தளத்தில் இலவச உணவு அலமாரி,
செவ்வாயும் வெள்ளியும் மட்டும்.
எல்லாம் ஒரே மூச்சில், மனப்பாடம்.
செவ்வாய் எனக்குக் கடை, என்றாள்.
பிறகு, நன்றி. உங்களுக்கு நல்ல நாளாக அமையட்டும்.

ஹால்வர்சன் என்ற பெயருக்குப் படிவத்தில் இடமில்லை.
மேசைக் காலண்டரின் ஓரத்தில்
பென்சிலால் எழுதிவைத்தேன், ஏன் என்று தெரியாமல்.

ரொட்டியைப் பாதி பிரித்தேன்.
வரிசையில் பதினான்கு பேர்.
பெயர்?