முறைத்தண்ணீர்

முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பங்கு இருக்கிறது
எங்கள் திருத்துறைப்பூண்டிக் கொட்டகையில்.
இரண்டாம் ஆட்டத்துக்கு இன்று பதினோரு டிக்கெட்.
கரண்ட் பில்லுக்கு ஆறு நாள் கெடு.

நாயகி கடிதத்தைப் பிரிக்கிறாள்,
பின்வரிசையில் யாரோ:
"வாய்க்கால்ல தண்ணி வந்துட்டு."
படபடவென மடங்கின பத்து நாற்காலி.

அஞ்சம்மாள் மட்டும் அசையவில்லை.
நிலம் கிடையாது. கொட்டகையில் அரைப்பங்கு உண்டு.
அவளுக்காக ஓட்டினோம்.

படம் முடியப் பத்து நிமிஷம்.
முழங்கால்வரை சேறு,
மண்வெட்டிகளை டிக்கெட் கவுண்டரில் சாத்திவிட்டு
பத்துப் பேரும் வந்து நிற்கிறார்கள்:
"விட்ட எடத்துலேர்ந்து போடுங்க,
நாங்களும் பங்குதாரருதானே."

ஆபரேட்டர் அமிர்தகடேசன் என்னைப் பார்த்தார்.
நான் அவளைப் பார்த்தேன்.

காலை முன்சீட்டில் நீட்டிக்கொண்டு சொன்னாள்:
"லெட்டர்ல என்ன இருந்துச்சுன்னு
நான் சொல்ல மாட்டேன்.
போடுங்க."