ஆடி மாத வசூல்

பள்ளத்தூர் வீடு.
முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறினால்
அடுத்த தெரு வந்திருக்கும்.
அதில் எண்பத்து நான்கில் ஒரு பங்கை
இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.
விற்பவர் சோலையப்பன், பினாங்கிலிருந்து வந்தவர்.
எந்தத் தூண் தன்னுடையது என்று
அவருக்கே தெரியாது.
'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
ஆண்டு அனுபவித்துக்கொள்வீராகவும்'
இருபத்தாறு வருடமாக விரல் தானே தட்டும் வரி.
அங்கே இப்போது ஆண்டு அனுபவிப்பது வௌவால்.

ரசீதைப் பார்த்தார்.
முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம்,
கடைசியில் புதிதாக ஒன்று:
வீடற்றோர் உறைவிட நிதி, ரூபாய் இருநூறு.
"எவனோ படுக்க நான் எதுக்குங்க பாய் வாங்கணும்?"
என்னிடம் பதில் இல்லை.
சில்லறை இருந்தது. கொடுத்தேன்.

மாயழகை அவருக்குத் தெரிய நியாயமில்லை.
பதினோரு வருடம் இந்த ஆபீஸ் படியில் படுத்தவள்.
ஒன்பதரைக்குள் எழுந்துவிடுவாள்.
மஞ்சள் பைக்குள் போர்வை,
தாய்ப்பத்திரம் போல மடிப்புக் கலையாமல்.
ஒருமுறை சாட்சிக்கு ஆள் குறைந்தது.
"நான் போடுறேன் சார், எனக்கு எழுத வரும்."
விலாசம் கேட்டேன்.
கேட்டிருக்க வேண்டாம்.
வடக்கே டீக்கடை. தெற்கே சாக்கடை.
கிழக்கே முத்திரைத்தாள் கடை.
மேற்கே சர்க்கார் சுவர்.
இந்த நான்கெல்லைக்குள்பட்ட இடத்துக்குக்
கதவு எண் கிடையாது.

புதுவயலில் ஓடாத அரிசி ஆலையின் கிட்டங்கி
இருநூறு இருநூறாய்ப் பதினெட்டு அறையானது.
தவிட்டு வாசம் இன்னும் போகவில்லையாம்,
ராத்திரியில் பசியைக் கிளப்புதாம், அது ஒன்றுதான் குறை.
கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டு.
முதல் வாரம் முழுக்க
போட்டுப் போட்டுத் திறந்தாளாம்.

பிறகு ஆடி பிறந்தது.
ஆடியில் யார் கிரயம் செய்வார்?
கிட்டங்கியில் கரண்டு பில் பாக்கி.
சோறு கஞ்சியாகி, கஞ்சி தண்ணீராகி வருகிறது.
இங்கே வீடு கைமாறாவிட்டால்
அங்கே விளக்கு எரியாது.
இந்த ஏற்பாட்டைச் செய்த மகராசன்
பஞ்சாங்கம் பார்த்திருக்க மாட்டான்.

தினமும் பஸ் ஏறி வந்துவிடுகிறாள்,
மேகத்தைக் கேட்பது போல என்னைக் கேட்கிறாள்:
"இன்னைக்கு எத்தனை பத்திரம் சார்?"
"ரெண்டு. அதுல ஒண்ணு ரத்து."
"ரத்துக்கும் இருநூறு உண்டுல்ல?"
உண்டு.
அடமானத்துக்கு உண்டு, தானத்துக்கு உண்டு,
அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல்
கைநாட்டு வைக்கிற பாகப்பிரிவினைக்கும் உண்டு.
ஊரார் பிரியப் பிரிய அவள் தலைக்கு மேல் கூரை.
சொன்னால் வருத்தப்படுவாள். சொல்லவில்லை.

சோலையப்பன் கடிகாரம் பார்க்கிறார்.
ஆடியாவது ஆவணியாவது, நாளை விமானம்.
இரண்டாம் சாட்சிக்குச் சொன்ன ஆள் வரவில்லை.
மாயழகு பேனாவுக்குக் கை நீட்டுகிறாள்.
பெயர் எழுதுகிறாள். விலாசம் என்ற இடத்தில்
கொஞ்சம் நின்று,
அறை எண் ஏழு.
போதும், மீதியை நான் தட்டிக்கொள்கிறேன் என்றேன்.
விடவில்லை.
கிட்டங்கி, கிழக்குத் தெரு, புதுவயல், பின்கோடு வரை
கட்டத்தைத் தாண்டி ஓடுகிறது எழுத்து.

மூடியைத் திருகிப் பேனாவைத் தருகிறாள்.
"இதையும் சேர்த்தா மூணா சார்?"