நின்ற நேரம்

தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது.
வலத்தொடையின் நடுவில்
தண்ணீர் புகாத பிளாஸ்டருக்கு அடியில்
ஏழு நாள் குடியிருந்துவிட்டுத்
தபாலில் வந்திருக்கிறது,
ஓரத்தில் இரண்டு நரைமுடியோடு.

அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று:
பூமி எந்தப் பக்கம்.
தொடை கிடந்தால் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.
தொடை நிமிர்ந்தால் நிற்கிறார்.
நிமிர்ந்தது துடித்தால் நடக்கிறார்.
நொடிக்கு இருபது முறை இதையே கேட்டு
இதையே எழுதிவைக்கும்.
ஏன் என்று ஒருமுறையும் கேட்காது.

பெயரை எனக்குத் தரமாட்டார்கள். எண் 417.
ஆண், ஐம்பத்தெட்டு வயது,
கோட்கா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.
திங்கள்: உட்கார்ந்திருந்தது பதினோரு மணி இருபது நிமிடம்.
செவ்வாய்: கிட்டத்தட்ட அதே.
திரையில் நீளமாய் ஒரு சிவப்புப் பட்டை.
அந்தச் சிவப்புக்குள்தான்
மரக்கூழும் காகிதச் சுருளும் அடைத்த
இருநூற்றுச் சொச்சம் பெட்டிகள்
பனிக்கட்டி உடைத்து வந்த கப்பலில் ஏறியிருக்கின்றன.
இரண்டு கட்டைவிரல் செய்த வேலை.
கருவி இருந்தது தொடையில்.

புதன் மாலை ஏழிலிருந்து ஒரு மணி நேரம்
தட்டைக் கோடு.
செத்தவரின் கோடும் கழற்றிவைத்த கருவியின் கோடும்
ஒன்றுபோலவே இருக்கும்,
இந்த வேலையில் முதலில் பழகவேண்டியது அதுதான்.
குறிப்பேட்டைப் புரட்டினேன். பென்சிலில்:
"சானா குளியல். புதுசு ஒட்டினேன்.
உரிச்சா முடியோட வருது, முன்னமே சொல்லியிருக்கலாம்."

வியாழன் இரவில்தான் சிக்கினேன்.
2.10 முதல் 4.50 வரை நிற்கிறார்.
நடக்கவில்லை, ஓரடிகூட இல்லை.
ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாரம் மாறும்போது மட்டும்
கோட்டில் சின்னதாய் ஒரு விக்கல்.
பிளாஸ்டர் நழுவிப்
படுத்தவரை நின்றவராக்கிவிட்டதோ என்று
மூன்று அச்சையும் பிரித்துப் பார்த்தேன்.
பிழை இல்லை.
"நீக்கிவிடு பிர்க்கோ," என்றான் ஒஸ்ஸி,
"அந்நேரத்துக்கு எவன் நிற்பான்?"

குறிப்பேட்டில் அந்த நாளுக்கு இரண்டே வாக்கியம்:
"மூணு ராத்திரிக்கு அப்புறம் இர்யா தூங்கினா.
அந்த நாற்காலி கிறீச்சிடும்."

எந்த அறை, என்ன வலி, எழுதவில்லை.
எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.
நிரல் அந்த இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கும்
பச்சை பூசி வைத்திருக்கிறது:
நன்று, நீண்ட நேரம் உட்காராமல் இருந்தீர்கள்.

அறிக்கை தானாகவே அவருக்குப் போயிற்று.
அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள் என்று
அதில் ஒரு வரி, எல்லோருக்கும் போவது.
அதன் முதுகிலேயே பதில் வந்தது, அதே பென்சில்:
"முப்பத்தெட்டு மீட்டர் உயரம். வடத்தில் இருபது டன்.
நான் எழுந்து நிக்கிறேன்.
பெட்டியை நீங்க பிடிச்சுக்குங்க."

ஒஸ்ஸி சிரித்துச் சிரித்து
அதைக் காப்பி மெஷின் மேலே ஒட்டிவிட்டான்.

வியாழனை நான் நீக்கவில்லை.
அறுநூற்றுப் பதினொரு பேரின் சராசரி நாளில்
நிற்கும் நேரம் அதனால் கூடியது
இரண்டு நொடி.
நிமிடமாக முழுமையாக்கும்போது
அது உதிர்ந்துவிடும், கட்டுரையில் வராது.
மணி மூன்றரை, வெளியே இருட்டிவிட்டது.
அடுத்த உறையைப் பிரிக்கிறேன். 418.
இதில் முடி ஏதும் ஒட்டியில்லை.