செக்பொயின்ட்

கல்முனை ஆஸ்பத்திரியின் லேப் மெசின்
உண்மையில் ஒரு மெசினே இல்லை.
பெரிய மெசின் ஒன்றின் வயிற்றுக்குள்
தானும் மெசினென்று நம்பிக்கொண்டிருப்பது.
கரண்ட் போனால் பேட்டரி பதினொரு நிமிஷம்.
அதற்குள் அதன் நினைவு முழுவதையும்
டிஸ்க்கில் இறக்கி உறங்கவைக்க வேண்டும்.
எட்டு ஜிபி. பழைய டிஸ்க். பதினான்கு நிமிஷம்.

கணக்கு உதைத்தது.

இந்த வேலைக்குப் பெயர் செக்பொயின்ட்.
எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு வேறு வாடை.
பஸ்ஸை விட்டு எல்லோரும் இறங்கி,
நேற்று அவிழ்த்த பையை இன்றும் அவிழ்த்து,
நேற்று எண்ணிய அதே ரெண்டு சாரன், அதே சோப்பு,
பதியப் பதிய வெயில் ஏறும்.
நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்,
மெசினை வெயிலில் நிறுத்தி.

மறுகா ஒரு இரவு பைக்குள் எட்டிப் பார்த்தேன்.
வெறும் பூச்சியப் பக்கங்கள் கொஞ்சம். காற்றை எதற்கு எழுதுவான்?
போன முறைக்குப் பிறகு யாரும் தொடாதவை கொஞ்சம்.
பாதிக்கு மேல்
டிஸ்க்கிலிருந்தே படித்தெடுத்த நகல்,
கடலில் அள்ளிக் கடலிலேயே ஊற்றுகிற வேலை.
பக்கத்தை விடு, முகவரியை மட்டும் எழுது:
'இது அந்த இலக்கத்தில் கிடக்கு.'

நாற்பது விநாடி!
தனியே சிரித்தேன்.

சோதனை நாளில் எழுப்பிப் பார்த்தால்
ஆதம்பாவாவின் சீனி அளவு
பூமணியின் பெயரில் வந்து நிற்கிறது.
முகவரி சரிதான். இடையில்
அங்கே வேறொருவர் குடியேறிவிட்டார்.
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்:
மருதமுனையில் எங்கள் பழைய வீட்டு இலக்கத்துக்கு
இன்னும் தண்ணீர் பில் வருகிறது.
அங்கே இருப்பது கடல்.

ஒரு விதி சேர்த்தேன்.
அந்த இலக்கத்தில் யாரும் கை வைக்குமுன்
இருப்பதை ஓரமாய் எடுத்து வை. மறுகா மாற்று.
நாற்பது நாற்பத்தாறானது. போகட்டும்.

நேற்று மழை. இரவு இரண்டு பதினேழு.
ஃபேன்கள் மூச்சை விட்டன.
நாற்பத்தாறு விநாடி.
மிச்சப் பத்து நிமிஷத்தின் வயரைப் பிடுங்கி
இரத்த வங்கிக் குளிர்பெட்டியில் செருகினேன்.

ஜெனரேட்டர்ச் சாவியோடு கிருபைராசா
நனைந்து ஓடிவந்தார்.
"மெசின் செத்துட்டா புள்ள?"
"இல்லண்ணே. பாதி வசனத்தில உறங்குது.
எழுப்பினா மிச்சத்தச் சொல்லும்."