உயிர்ச் சான்று

நவம்பர் வந்தால்
அப்பா உயிரோடிருப்பதை
உச்சக்கடை அட்சயா மையத்தில் காட்ட வேண்டும்.
காட்டாவிட்டால் டிசம்பரோடு பென்ஷன் நிற்கும்,
பதக்கத்துக்கென்று வரும் தனித்தொகையும்.

பொழியூர் பஸ்ஸில் ஜன்னலோரம்.
இஸ்திரி போட்ட சட்டை, கறுப்புக் குடை.

ஷைலஜா கருவியைத் துடைத்து வைத்தாள்.
வலது பெருவிரல். சிவப்பு விளக்கு.
சுட்டுவிரல். சிவப்பு.
"எலுமிச்சை தேய்ச்சுப் பாருங்க சாறே,
செங்கச்சூளைக்காரங்களுக்கும் இப்படித்தான்."
எதிர்க்கடையில் ஒன்று வாங்கி அரிந்து வந்தேன்.
பத்து விரலும் மணத்தன.
பத்துக்கும் சிவப்பு.

ரேகை இருந்தால்தானே.
அது எழுபத்தொன்று டிசம்பரில்
ஓர் இரும்புச் சக்கரத்தோடு ஒட்டிப் போனது.

கொதிகலன் அறையில் எண்ணெய் பற்றியிருந்தது.
மேலே மூடியை இறக்கி
நீராவி வால்வைத் திருகினால் தீ அடங்கும்.
ஏழு சுற்று.
ஸ்டோக்கர் லூர்தையனுக்கு இருபத்திரண்டு வயது.
கப்பலில் இருநூற்றுச் சொச்சம் பேர்.
மூடிக்குக் கீழே இரண்டு பேர்.

சட்டம் போட்டு மாட்டிய தாளை
எட்டாம் வகுப்பில் அகராதி வைத்துத் தமிழாக்கினேன்.
"உயிரைத் துச்சமென மதித்து"
என்று உரக்க வாசித்தேன்.
சாளைமீனின் முள் எடுத்துக்கொண்டிருந்தவர்
நிமிராமலே கேட்டார்:
"யாருக்க உயிரைன்னு போட்டிருக்கா பிள்ளே?"
இங்கிலீஷில் போட்டிருந்தது.
தமிழில் நான் விட்டிருந்தேன்.
பிறகும் சேர்க்கவில்லை.

முதல் லீவில் அவர் இங்கே வரவில்லையாம்.
செங்கன்னூர் போய்
குஞ்ஞுவறீதின் வீட்டைத் தேடிப் பிடித்து
கூடப் பணிசெய்தவன் என்று மட்டும் சொல்லி
அவன் அம்மா வைத்த மரச்சீனியும் மீன்கறியும்
மறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு
ராத்திரி வண்டி ஏறியிருக்கிறார்.
அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
இன்னொருவனுக்கு ஒடிசா. அது தூரம்.

எங்கள் வீட்டில்
கொதிக்கும் சோற்றுப்பானையை இறக்குவது அப்பாவின் வேலை.
துணி தேடமாட்டார்.
களியக்காவிளை ஒர்க் ஷாப்பிலும்
புகையும் சைலன்சரை வெறுங்கையால் கழற்றுவாராம்,
பையன்கள் வேடிக்கை பார்க்க.
ஒருநாள் அம்மா குளிமுறிக் கதவை வெளியே தாழிட்டாள்,
பூனை புகுந்துவிடும் என்று.
உள்ளே யாருமில்லை.
அவர் ஓடிப்போய்த் திறந்துவிட்டு
அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

ஷைலஜா அலமாரியைத் துழாவி
கண்ணைப் பார்க்கும் பெட்டியை எடுத்தாள்.
"சிமிட்டப்படாது சாறே.
உள்ளே வட்டமா ஒரு வெளிச்சம் தெரியும்,
அதையே பாருங்க."

எலுமிச்சை மணக்கும் இரண்டு கையாலும் பிடித்து
குனிந்து பார்த்தார்.

"பச்சை வந்தாச்சு. எடுத்துடலாம்."

பின்னால் ரேஷன் கார்டுக்கு வந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.
பிரிண்டர் தாளைத் தள்ளியது.

"எடுத்துடலாம் சாறே."

அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.