நள்ளிரவு முதல் இரண்டு வரை

ட்ரிக் என்றால் ஏமாற்று வேலை என்று
நீங்கள் படித்தது சரிதான்.
ஆனால் நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில்,
மீன் வாடை போகாத ஒரு சின்னக் குடாவில்,
ஹெட்லி பியர்சி அந்தச் சொல்லைச் சொன்னால்
சரக்குப் படகின் சுக்கான் முன்னால்
நிற்கவேண்டிய இரண்டு மணி நேரம்.
நின்று முடித்து
அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகும் முறை.
"இன்றைக்கு என் ட்ரிக் பன்னிரண்டிலிருந்து இரண்டு" என்பான்.
அதைவிட நேர்மையான வாக்கியம்
அந்த வீட்டில் இருந்ததில்லை.

யூனா அதைச் சீட்டு மேசையில் கற்றவள்.
அவளுக்கு அது பிடி.
நாலு சீட்டு விழும், பெரியது வாரிக்கொள்ளும்.
வாரியதைக் கவிழ்த்து முழங்கைப் பக்கம் அடுக்குவாள்.
வெள்ளிதோறும் சர்ச் கூடத்தில்
ஒரு வான்கோழிக்காக ஆட்டம்.
யார் கையில் என்ன மிச்சம் என்று
முகம் பார்த்தே சொல்வாள்,
புருஷன் முகம் நீங்கலாக.

அவன் வலது முழங்காலுக்கும் அதே பெயர்தான் வைத்தார் டாக்டர்.
பத்து நாள் பாறையாக நிற்கும்.
பதினோராம் நாள்
சொல்லாமல் கொள்ளாமல் மடியும்.
மார்ச்சில், பனிமூட்டத்தில், சுக்கான் முன்னால் மடிந்தது.
படகு தப்பியது.
வேலை தப்பவில்லை.

வீட்டில் சொல்லவில்லை.
பிளாஸ்க், எண்ணெய்ச் சட்டை, கையுறை,
"பன்னிரண்டிலிருந்து இரண்டு."
போய், மூடிக்கிடக்கும் மீன் ஆலைக்குப் பின்னால்
வண்டியை நிறுத்தி விளக்கணைத்து
விடியும்வரை கடலைப் பார்த்திருப்பான்.
இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

அக்டோபர் முப்பத்தொன்று.
வாசலில் பிசாசு இரண்டு, வௌவால் ஒன்று,
அட்டைத் தொப்பியில் ஒரு குட்டிக் கேப்டன்.
"ட்ரிக்கா, ட்ரீட்டா?"
மிரட்டலை இத்தனை மழலையாகக் கேட்பது
வருஷத்தில் ஒரு ராத்திரிதான்.
சாக்லேட்டை வாங்கிக்கொண்டு கேப்டன் சொன்னான்:
"ஹெட்லி இடத்துல இப்ப எங்கப்பாதான் நிக்கிறாரு.
பனி உருகறதுக்கு முன்னாலேர்ந்து."
வௌவால் அவன் காலை மிதித்தது.
ஆக, வௌவாலுக்கும் தெரியும்.
குடாவுக்கே தெரியும்.

கதவைச் சாத்திவிட்டுக் கொட்டகைக்குப் போனாள்.
படகு மோட்டார் இருந்த இடத்தில்
எண்ணெய்க் கறை மட்டும்.
மாதச் சம்பளம் வந்த வழி அது.
ஏழு மாத இரவுகள்,
ஒவ்வொன்றும் கவிழ்த்து வைத்த ஒரு பிடி.
ஜெயித்தது யார் என்றுதான் எண்ண முடியவில்லை.

அவன் மாடியிலிருந்து இறங்கினான்,
வலது காலைக் கடைசியாக வைத்து.
"இன்னைக்கு என் ட்ரிக்..."
"பன்னிரண்டிலிருந்து இரண்டு. தெரியும்."
முகத்தில் ஒரு சீட்டும் காட்டாமல்
பையை நீட்டினாள்.

ஆலைக்குப் பின்னால் பையைத் திறந்தபோது
கோப்பை இரண்டு இருந்தது.
ஒன்றை எடுத்தான், திரும்ப வைத்தான்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில்
பின் கண்ணாடியில் ஒரு டார்ச் வெளிச்சம்
சரளைக்கல் மேல் நடந்து வந்தது,
சுக்கானை வாங்கிக்கொள்ள
அடுத்த ஆள் வரும் நேரத்துக்கு.